குளோசரை நம்பி இறங்கலாமா?

மார்ச் 16, 2025 – ஒரு வாசகரின் கேள்வி

(புதியவர்களுக்கு: ஃபேன்டசி பேஸ்பால் என்றால் நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்து, மைதானத்தில் அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் பல பிரிவுகளில் நாம் போட்டியிடுவது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் முடிவில் வந்து முன்னிலையைக் காக்கிற பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், குளோசர். அப்படிக் காத்தால் அவருக்குக் கிடைக்கும் கணக்கு சேவ். அது நம் பிரிவுகளில் ஒன்று.)

"இந்த வருடம்தான் முதல்முறையாக ஃபேன்டசி பேஸ்பால் ஆடுகிறேன். 12 பேர் லீக், ஏல முறை, ஆளுக்கு 260 டாலர். நல்ல குளோசர் என்றால் 20 டாலர் வரை போகிறது. அவ்வளவு கொடுக்கலாமா? பழைய ஆட்கள் எல்லோரும் 'சேவுக்குக் காசு கொடுக்காதே' என்கிறார்கள். ஏன் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்."

மார்ச் 16, இரவு

கொடுக்காதீர்கள். ஐந்து டாலருக்கு மேல் ஒரு சென்ட் வேண்டாம்.

2011 முதல் ஒரே லீக்கில் ஆடுகிறேன். நியூ ஜெர்சியில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஆரம்பித்தது. வேலை இரண்டு முறை மாறிவிட்டது, லீக் மாறவில்லை. இத்தனை வருடத்தில் என்னை அதிகம் நோகடித்தது ரிலீவர்கள்தான், அதாவது குளோசர் உட்பட, ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து வீசுகிற பிட்சர்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் குளோசர் என்றதும் கடைசி ஓவர் போடுகிறவர் ஞாபகத்துக்கு வருவார். பாதி சரி. ஆனால் கடைசி ஓவரில் ஒருவர் இரண்டு விக்கெட் எடுத்தால், அணி தோற்றாலும் அந்த இரண்டு விக்கெட் அவர் பெயரில் நிற்கும். சேவ் அப்படி நிற்காது. அணி முன்னால் இருக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் மூன்று ரன்னுக்குள் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மேனேஜர் இவரைக் கூப்பிட வேண்டும். மூன்றும் கூடி வந்த பிறகுதான் இவர் கையில் பந்தே வருகிறது. ஹோம் ரன் அடிக்கிறவனுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது, மட்டை அவன் கையில் இருக்கிறது. ஏலத்தில் குளோசருக்குக் கொடுக்கும் 20 டாலரில் ஆளின் திறமைக்குப் போவது கொஞ்சம். மிச்சம் முழுவதும் அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் போகிறது. அந்த நாற்காலி அவருடையது அல்ல, மேனேஜருடையது.

மார்ச் 17

"மூன்று ரன்னுக்குள்" என்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். சரி, முழுதாகவே சொல்கிறேன். ஆட்டத்தை முடித்து வைக்கும் பிட்சராக இருக்க வேண்டும், வெற்றி அவர் பெயரில் பதிவாகியிருக்கக் கூடாது (பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சர் பெயரில் எழுதப்படும்). அதோடு இவற்றில் ஒன்று போதும்: மூன்று ரன் அல்லது அதற்குக் குறைவான முன்னிலையில் வந்து குறைந்தது ஒரு இன்னிங்ஸ் வீசுவது, சமன் செய்யக்கூடிய ரன் பேஸிலோ, மட்டையோடோ, அடுத்து ஆட வரிசையிலோ இருக்கும்போது வருவது, முன்னிலை எவ்வளவாக இருந்தாலும் கடைசி மூன்று இன்னிங்ஸையும் ஒழுங்காக வீசி முடிப்பது.

அந்தக் கடைசி விதிக்கு ஒரு உதாரணம் உண்டு. 2007 ஆகஸ்ட் 22, பால்டிமோர். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 30-3 என்று ஜெயித்தார்கள். கடைசி மூன்று இன்னிங்ஸ் வீசிய வெஸ் லிட்டில்டனுக்கு சேவ் கிடைத்தது. 27 ரன் வித்தியாசத்தில் சேவ்! விதிப்படி முற்றிலும் சரி. அவர் உள்ளே வந்தபோதே 14-3. ஒரு ரன் முன்னிலையில், ஆள் நிறைந்த பேஸோடு, எட்டாவது இன்னிங்ஸில் வந்து எதிரணியின் மூன்று பெரிய மட்டைகளை அடக்கிவிட்டுப் போகிறவருக்கு அதே கணக்கில் பூஜ்யம்.

சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் 1969 இல் உருவாக்கிய கணக்கு இது. அவர் நோக்கம் நல்லது. வெற்றி தோல்விக் கணக்கில் ரிலீவர்களின் உழைப்பு தெரியவில்லை என்பதுதான் அவருடைய குறை.

மார்ச் 19

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஹோல்ட்ஸ்மன் இந்த யோசனையை முன்வைத்தது 1960 வாக்கில். மேஜர் லீக் அதை அதிகாரபூர்வக் கணக்காக ஏற்றுக்கொண்டதுதான் 1969.

மார்ச் 23, ஏலம் முடிந்த இரவு

சொன்னபடியே செய்தேன். இரண்டு குளோசர், ஒருவர் 3 டாலர், ஒருவர் 1 டாலர். மிச்சம் வைத்த பணத்தில் ஒரு நல்ல ஸ்டார்ட்டரும் (ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர்), முதல் பேஸ் இடத்துக்கு நான் ஆசைப்பட்ட ஆளும் கிடைத்தார்கள். என் இரண்டு குளோசர்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் வரப் போகிறது என்று தெரியும். அவர்கள் பாவம், என்னை யாரென்றே தெரியாது.

மகளுக்கு 11 வயது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் இரண்டு பெயர், எதிரே ஒவ்வொரு நாளும் யார் எத்தனை பந்து வீசினார் என்று எழுத வேண்டுமாம்.

ஏப்ரல் 6

நேற்று இரவு. மேற்குக் கடற்கரையில் ஆட்டம், இங்கே பத்து மணிக்கு மேல்தான் ஆரம்பம். எட்டாவது இன்னிங்ஸ் முடிவில் என் ஆளின் அணி 4-2 முன்னிலை. அவர் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருந்து தயாராகும் இடம்) எழுந்து கையைச் சுழற்றுவதைக் காட்டுகிறார்கள். மணி பன்னிரண்டே முக்கால். எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் அவருடைய அணியே ஐந்து ரன் அடித்தது. 9-2. அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரோ ஒரு பையன் வந்து ஆட்டத்தை முடித்தான்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நம் ஆளின் அணி ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். ஆனால் அதிகமாக ஜெயித்துவிடக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று ரன்னில் மட்டும் ஜெயிக்க வேண்டும். ஒரு அணி நன்றாக ஆடுவதைப் பார்த்து மனம் சுருங்குகிறது. விளையாட்டு பார்க்கிற மனிதனுக்கு இது நல்லதா? நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 28

டெவின் வில்லியம்ஸ் விஷயத்தைக் கேட்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். என் அணியில் அவர் இல்லை, அதனால் பதற்றம் இல்லாமல் சொல்ல முடியும்.

மில்வாக்கியில் அவர் ஆண்டுக்கணக்காக நாட்டின் சிறந்த ரிலீவர்களில் ஒருவர். டிசம்பரில் யாங்கீஸ் அவரை வாங்கினார்கள். பெரிய அணி, நிறைய வெற்றி, நிறைய சேவ் என்று எங்கள் லீக்கில் 19 டாலர் வரை போனார். ஏப்ரல் 25 அன்று டொரன்டோவுக்கு எதிராக ஒரு அவுட் கூட எடுக்காமல் மூன்று ரன் கொடுத்தார். நேற்று மேனேஜர் ஆரோன் பூன் அவரைக் குளோசர் வேலையிலிருந்து இறக்கிவிட்டார். ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் பொறுப்பில் கொடுக்கும் ரன் சராசரி, 11.25. குறைவாக இருந்தால்தான் நல்லது. வேலை இப்போது லூக் வீவருக்கு. வீவர் எங்கள் லீக்கில் ஏலத்தின்போது யாரும் தொடாமல் கிடந்தவர்.

வில்லியம்ஸ் இதுவரை வீசியது எட்டு இன்னிங்ஸ். ஒரு ஸ்டார்ட்டர் மே மாதம் முழுக்க மோசமாக வீசினாலும் "சரியாகிவிடும்" என்று விடுவார்கள். ரிலீவருக்கு எட்டு இன்னிங்ஸில் தீர்ப்பு. ஒரு சீசன் முழுக்கவே அவர்கள் வீசுவது 60, 70 இன்னிங்ஸ்தான். அவ்வளவு சின்ன அளவில் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது. நல்லவர் மோசமாகத் தெரிவார், சுமாரானவர் தெய்வமாகத் தெரிவார். 2018 இல் சியாட்டிலில் 57 சேவ் எடுத்த எட்வின் டியாஸ், அடுத்த வருடம் மெட்ஸில் 5.59 ஈஆர்ஏ. 2022 இல் அதே டியாஸ் அதே மெட்ஸில் 1.31. மூன்றுமே ஒரே மனிதர்.

மே 7

நேற்று சிகாகோவில் நடந்ததைப் பார்த்தீர்களா? கப்ஸ், ஜயன்ட்ஸ், பதினொன்றாவது இன்னிங்ஸ். ரயன் பிரஸ்லி உள்ளே வந்தார், ஒரு அவுட்டும் எடுக்காமல் வெளியே போனார். அவர் கணக்கில் ஒன்பது ரன், அதில் எட்டு ஈஆர்ஏவில் சேரும். ஆட்டம் 14-5 என்று முடிந்தது.

அதற்கு முன்னால் 13 இன்னிங்ஸில் 3 ரன், ஈஆர்ஏ 2.08. பிறகும் அதே 13 இன்னிங்ஸ், ரன் மட்டும் 11. ஈஆர்ஏ 7.62. ஒரு இரவில்! எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்த நண்பர் ஸ்டார்ட்டர்களைக் கவனமாகப் பொறுக்கி ஒரு மாதம் கட்டிய ஈஆர்ஏ முழுவதும் காணாமல் போய்விட்டது. அது சேவ் சந்தர்ப்பம் கூட இல்லை. ஆட்டம் சமனில் இருந்தது. சேவுக்காக வைத்திருக்கிற ஆள், சேவே கிடைக்க முடியாத இன்னிங்ஸில் வந்து ஈஆர்ஏ போன்ற மற்ற பிரிவுகளை உடைத்துவிட்டுப் போகிறார்.

மே 7, கொஞ்சம் கழித்து

"முழுவதும் காணாமல் போய்விட்டது" என்றது மிகை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நண்பரின் அணி இதுவரை சுமார் 300 இன்னிங்ஸ், 115 ரன், அதாவது 3.45. இந்த எட்டையும் சேர்த்தால் 3.69. எங்கள் பட்டியலில் இது மூன்று இடம் இறக்கம். சீசன் முடிவில் 1,300 இன்னிங்ஸ் சேரும்போது இந்த எட்டு ரன்னின் எடை 0.06 தான். ஆக ஈஆர்ஏ பிழைத்துக்கொள்ளும். பிழைக்காதது அந்த வேலை. அது மெதுவாக டேனியல் பலென்சியா பக்கம் நகர்கிறது. நண்பர் அதற்குள் அவரை எடுத்துவிட்டார், நான் கேட்பதற்கு முன்னாலேயே.

ஜூன் 10

இன்று உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்தேன். மார்ச்சில் எழுதியதை மாற்ற வேண்டியிருக்கிறது.

என் 3 டாலர் ஆள் ஏப்ரல் கடைசியில் வேலையை இழந்தார். 1 டாலர் ஆள் முழங்கை வலி என்று மே மாதம் ஓய்வுப் பட்டியலுக்குப் போனார். அதன்பிறகு வாரம் தவறாமல் ஞாயிறு இரவு வேவரில் (யாருடைய அணியிலும் இல்லாத ஆட்களுக்கு நடக்கும் வாராந்திர ஏலம்) ரிலீவருக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கென்று சீசனுக்கு மொத்தம் 100 டாலர் கொடுப்பார்கள். அதில் 61 போய்விட்டது. ஆறு பேர் வாங்கினேன். அவர்களில் இன்றைக்கும் குளோசராக இருப்பவர்கள் இரண்டு பேர். ஆறு பேரும் சேர்ந்து தந்தது 9 சேவ்.

ஒரு ஞாயிறு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு அணியின் குளோசர் சனிக்கிழமை கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்தோம். நான் 23 டாலர் வைத்து ஜெயித்தேன். திங்கட்கிழமை அந்த மேனேஜர் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வேறொருவரை அனுப்பினார். என் ஆள் ஏழாவது இன்னிங்ஸில் வீசினார். அருமையாக வீசினார், மூன்று பேர், மூன்று அவுட். எனக்கு ஒன்றும் இல்லை. "நல்லாத்தானேப்பா போட்டார், ஏன் கடைசியில அனுப்பல?" என்று மகள் கேட்டாள். எட்டாவது, ஏழாவது இன்னிங்ஸில்தான் சில நாள் உண்மையான ஆபத்து இருக்கும், அதனால் நல்ல ஆளை அங்கே போடுவார்கள் என்று சொன்னேன். சொல்லும்போதே அது சரியான பேஸ்பால் என்று தெரிந்தது. அந்த மேனேஜர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் நியாயமே இல்லை.

அதனால் இப்போது என் கருத்து இது: சேவுக்குக் காசு கொடுக்காதே என்று சொல்கிறவர்கள் எல்லோரும் வேறு வழியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏலத்தில் 20 டாலர் கொடுத்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். நான் 61 டாலரையும் இத்தனை ஞாயிற்றுக்கிழமை இரவுகளையும் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 11

ஒருவர் சுட்டிக்காட்டியது சரிதான். ஏலப் பணமும் வேவர் பணமும் வெவ்வேறு பைகள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது. வேவர் பணம் செப்டம்பரில் மிஞ்சினால் செல்லாக் காசு. எனவே உண்மையான நஷ்டத்தை வேறு மாதிரி பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் மட்டையாளர்கள் யார் யார் வேவரில் வந்து போனார்கள்? நான் ரிலீவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு நல்ல ஆட்களைத் தவறவிட்டேன். அதில் ஒருவர் இப்போது முதலிடத்தில் இருப்பவரின் அணியில்.

அப்படியானால் விலை கொடுத்து வாங்கினால் நிம்மதியா என்று கேட்டிருக்கிறார் முதல் கேள்வியைக் கேட்டவர். இரண்டு கதை சொல்கிறேன்.

2012 மே 3. மரியானோ ரிவேரா. இவரைவிடப் பத்திரமான குளோசர் பிறந்ததில்லை. ஓய்வு பெறும்போது 652 சேவ், இன்றுவரை அதைத் தொட ஆளில்லை. அன்று கன்சாஸ் சிட்டியில் ஆட்டத்துக்கு முன், பேட்டிங் பயிற்சியின்போது வெளி மைதானத்தில் பந்து பிடித்துக்கொண்டிருந்தார். பல வருடமாக தினமும் செய்கிற வேலை. கால் மடங்கி முழங்கால் தசைநார் கிழிந்தது. சீசன் முடிந்தது. எங்கள் லீக்கில் எல்லோரும் டேவிட் ராபர்ட்சன் பின்னால் ஓடினார்கள். சில நாளில் அவரும் காயம். கடைசியில் அந்த வேலையைப் பிடித்தவர் ரஃபேல் சொரியானோ, 42 சேவ். அவரைத் தற்செயலாக வைத்திருந்தவர் அந்த வருடம் எங்கள் லீக்கை ஜெயித்தார்.

2023 மார்ச் 15. மேலே சொன்ன டியாஸ்தான். முந்தைய நவம்பரில் மெட்ஸ் ஐந்து வருடத்துக்கு 102 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். உலக பேஸ்பால் கிளாசிக்கில் போர்ட்டோ ரிக்கோவுக்காக டொமினிகன் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தை முடித்து வைத்தார். சகாக்களோடு கட்டிப்பிடித்துக் குதித்த இடத்தில் முழங்கால் போய்விட்டது. அந்த வருடம் ஒரு பந்து வீசவில்லை. எங்கள் ஏலம் அதற்கு மூன்று நாள் முன்புதான் முடிந்திருந்தது. அவரை வாங்கிய நண்பருக்கு அன்று இரவு தொலைபேசியில் பேசினேன். இரண்டு நிமிடம் எதுவும் பேசாமலேயே இருந்தோம்.

வீசும்போது காயம் வந்தால் தாங்கிக்கொள்ளலாம். இருவருமே வீசும்போது விழவில்லை.

ஜூன் 12

வீவருக்குத் தொடையில் பிடிப்பு, இந்த மாதத் தொடக்கத்திலிருந்து ஆடவில்லை. யாங்கீஸில் மறுபடியும் வில்லியம்ஸ். ஏப்ரலில் அவரைக் கழற்றிவிட்டவர்கள் இப்போது காசு வைத்துத் திரும்ப எடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 1

மூச்சு விட நேரமில்லை. டிரேட் கெடு, அதாவது அணிகள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ளும் கடைசி நேரம், நேற்று மாலை முடிந்தது. எனக்குத் தெரிந்து ரிலீவர்களுக்கு இப்படி ஒரு வாரம் வந்ததில்லை.

திங்கட்கிழமை கிளீவ்லேண்டின் இமானுவேல் கிளாஸே பந்தய விசாரணை தொடர்பாகச் சம்பளத்தோடு விடுப்பில் வைக்கப்பட்டார். போன வருடம் 47 சேவ், 0.61 ஈஆர்ஏ. அந்த வேலை கேட் ஸ்மித்துக்கு வந்திருக்கிறது. புதன்கிழமை மினசோட்டாவின் ஜோவான் டுரான் பிலடெல்பியாவுக்குப் போனார். அன்றே செயின்ட் லூயிஸின் ரயன் ஹெல்ஸ்லி மெட்ஸுக்கு. வியாழக்கிழமை மேசன் மில்லர் சான் டியேகோவுக்கு, டேவிட் பெட்னாரும் கமிலோ டோவலும் யாங்கீஸுக்கு. மினசோட்டா மட்டும் ஐந்து ரிலீவர்களை விற்றுவிட்டது. ஒரு புல்பென்னையே பிரித்து ஏலம் விட்ட மாதிரி.

டுரானை வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை, பிலடெல்பியாவிலும் அவர்தான் முடிப்பார். ஹெல்ஸ்லியைப் பாருங்கள். போன வருடம் 49 சேவ். மெட்ஸில் டியாஸ் இருக்கிறார், ஆக இவர் எட்டாவது இன்னிங்ஸ். மில்லர் நூறு மைலுக்கு மேல் வீசுகிற மனிதர். சான் டியேகோவில் ராபர்ட் சுவாரஸ் இருக்கிறார், ஆக இவரும் எட்டாவது இன்னிங்ஸ். இரண்டு பேருமே நிஜ வாழ்க்கையில் முன்னேறியிருக்கிறார்கள். ஜெயிக்கிற அணிக்குப் போயிருக்கிறார்கள், அக்டோபரில் பிளேஆஃப் ஆடும் வாய்ப்பும் இருக்கிறது. நம் பட்டியலில் அவர்கள் மதிப்பு ஒரே மாலையில் பாதிக்குக் கீழ்.

என்னிடம் இருந்த இருவரில் ஒருவரும் இப்படித்தான் போனார். கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ரயிலில் இருந்தேன். சுரங்கத்துக்குள் இணைப்பு போய்விட்டது. வெளியே வந்தபோது வேலை முடிந்திருந்தது. அவர் விட்டுப் போன நாற்காலிக்கு வரப்போகிறவரை அதற்குள் வேறொருவர் எடுத்துவிட்டார்.

மகளின் தாளில் மார்ச்சிலிருந்து இதுவரை 11 பெயர். முதல் இரண்டும் எப்போதோ அடிக்கப்பட்டுவிட்டன. புதிய தாள் ஒட்டியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 14

ஹூஸ்டனின் ஜாஷ் ஹேடருக்குத் தோளில் காயம். பிரையன் அப்ரேயு வருவார். வேவரில் என்னிடம் மீதி இருப்பது 4 டாலர். கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 31

ஒரு விஷயத்தை மகளின் தாளிலிருந்து கற்றுக்கொண்டேன். எழுதி வைப்பது நல்லது.

முந்தாநாள் என் ஆள் வீசினார். நேற்றும் வீசினார், 24 பந்து. இன்று மூன்றாவது நாள். "இன்னைக்கு இவர் வரமாட்டார்ப்பா" என்றாள். வரவில்லை. அணி இரண்டு ரன்னில் ஜெயித்தது, சேவ் வேறொருவருக்கு. அதே புல்பென்னில் அடுத்த ஆளை ஒரு நாளுக்காவது எடுத்து வைத்திருந்தால் அந்த சேவ் எனக்கு. தொடர்ந்து இரண்டு நாள் வீசியவர் மூன்றாம் நாள் பெரும்பாலும் உட்காருவார் என்பது ரகசியமில்லை. நான்தான் ஆளைப் பார்த்தேன், அவர் தோளைப் பார்க்கவில்லை. இந்த ஒரு பழக்கம் சீசனில் நாலைந்து சேவ் தரும் என்று இப்போது நம்புகிறேன். காசே வேண்டாம், காலையில் ஐந்து நிமிடம் போதும்.

செப்டம்பர் 29

முடிந்தது. இரண்டாம் இடம். முதலிடத்துக்கும் எனக்கும் 2 புள்ளி.

சேவ் பிரிவில் நான் 58. எனக்கு மேலே 59, 60, 60 என்று மூன்று பேர். ஒரு பிரிவில் ஒருவரைத் தாண்டினால் ஒரு புள்ளி, ஆக இன்னும் மூன்று சேவ் இருந்திருந்தால் மூன்று புள்ளி ஏறியிருக்கும். அந்த மூன்றையும் எனக்குத் தெரியும். ஏப்ரல் 5, ஐந்து ரன் அடித்த அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ். ஜூலை 31, சுரங்கம். ஆகஸ்ட் 31, மூன்றாம் நாள் ஓய்வு.

நேற்று இரவு படுத்துக்கொண்டு இதையேதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாட்டிலேயே அதிக சேவ் கன்சாஸ் சிட்டியின் கார்லோஸ் எஸ்டெவெஸ், 42. எங்கள் ஏலத்தில் 6 டாலர். அடுத்தது சுவாரஸ், 40. பாஸ்டனில் 37 வயது அரோல்டிஸ் சாப்மன் 32 சேவ், 1.17 ஈஆர்ஏ. மார்ச்சில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மெட்ஸில் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போன ஹெல்ஸ்லிக்கு அங்கே 7.20. யாங்கீஸ் வேலை கடைசியில் பெட்னாரிடம். வில்லியம்ஸ், வீவர், மறுபடி வில்லியம்ஸ், பெட்னார். ஒரே நாற்காலி.

அக்டோபர் 12

லீக்கில் புதிய யோசனை ஒன்று ஓடுகிறது. சேவோடு ஹோல்ட்டையும் சேர்த்து எண்ணலாம் என்கிறார்கள். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் காத்துக் கொடுப்பவருக்குக் கிடைப்பது ஹோல்ட், 1986 முதல் எண்ணிவருகிறார்கள். சேர்த்துவிட்டால் மில்லர் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போனாலும் மதிப்பு போகாது. ஞாயிறு இரவுச் சண்டைகள் குறையும்.

வாக்கெடுப்பு அடுத்த மாதம். முதலில் ஆதரவாகத்தான் இருந்தேன். இப்போது யோசிக்கிறேன். ஹோல்ட்டிலும் அதே மூன்று ரன் கணக்குதான், அதே மேனேஜர்தான். ஆள் நிறைந்த பேஸை விட்டுவிட்டுப் போய், பின்னால் அணி தோற்று, தோல்வியும் ஹோல்ட்டும் ஒருவருக்கே சேர்ந்து கிடைக்கலாம்.

இந்த சேவ் விதி மைதானத்துக்குள்ளும் புகுந்துவிட்டதே என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2016 அக்டோபர் 4, டொரன்டோ, வைல்ட் கார்டு ஆட்டம், தோற்றவர் வெளியே. பால்டிமோரின் ஸாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47 சேவ், 0.54 ஈஆர்ஏ. ஆட்டம் சமனில் நீண்டுகொண்டே போகிறது. மேனேஜர் பக் ஷோவால்டர் முன்னிலை வரட்டும் என்று அவரைப் புல்பென்னிலேயே வைத்திருந்தார். முன்னிலை வரவேயில்லை. பதினொன்றாவது இன்னிங்ஸில் உபால்டோ ஹிமெனெஸின் பந்தை எட்வின் என்கர்னாசியோன் வெளியே அடித்தார், சீசன் முடிந்தது. அந்த வருடத்தின் சிறந்த ரிலீவர் ஒரு பந்துகூட வீசாமல் வீட்டுக்குப் போனார். வராத சேவுக்காகக் காத்திருந்த ஒரு அணி அது. நான் ஒவ்வொரு இரவும் செய்துகொண்டிருப்பதும் அந்தக் காத்திருப்புதான், ஆனால் நான் இழப்பது சில புள்ளிகள் மட்டும்.

நவம்பர் 9

வாக்கெடுப்பு 6-6. சமன் என்றால் பழைய விதியே தொடரும் என்பது எங்கள் வழக்கம். ஆக 2026 இலும் சேவ் மட்டும்தான்.

நான் எதிராகத்தான் போட்டேன். 1980 இல் டேனியல் ஆக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் இந்த ஆட்டத்தைத் தொடங்கியபோதே எட்டுப் பிரிவில் ஒன்றாக சேவ் இருந்தது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தத் தாள். ஹோல்ட்டும் சேர்ந்துவிட்டால் ஒன்பதாவது இன்னிங்ஸில் யார் எழுந்து கையைச் சுழற்றுகிறார் என்று அவள் ஓடி வந்து பார்க்க வேண்டியிருக்காது.

முதலில் கேட்டவருக்கு, தாமதமான பதில்: ஒரு குளோசருக்கு 12 டாலர் வரை கொடுங்கள். அவருக்குப் பின்னால் அதே புல்பென்னில் யார் என்று தெரிந்துகொண்டு அவரையும் 1 டாலருக்கு எடுங்கள். இரண்டாவது குளோசரை வேவரில் தேடுங்கள், ஆனால் ஜூலைக்குள் 50 டாலரைத் தாண்டாதீர்கள், டிரேட் கெடு வாரத்துக்குக் காசு வேண்டும். அன்று மாலை ரயிலில் இருக்காதீர்கள்.